இரண்டு நாள் தவணை

ஸ்காபரோ,
6 நவம்பர் 1994

மகள் பேர்ணடெற்,

ஆராதனை முடிஞ்சு வந்து கோட்டும் கழட்டாமல் இருந்து எழுதுறன். உன்ரை கடிதம் போன கிழமை கிடைச்சது. ஜேர்மனியில, அந்த ஹாலே ஊரில, நிலக்கரிப் புகை மணக்குது, பழைய அனாதை இல்லத்துக்குச் சாரம் கட்டித் திருத்துகினம் எண்டு எழுதியிருந்தாய். அந்த இடத்தை இண்டைக்குச் சபையில வாசிச்சுக் காட்டினனான். முந்நூறு வருசத்துக்குக் கிட்ட முந்தி, அந்த ஊராலைதான் தரங்கம்பாடிக்குத் தேவ ஊழியர் வந்தவை, தமிழ் எழுத்தை ஈயத்தில வார்த்து அனுப்பினதும் அந்த ஊர்தான், இப்ப எங்கடை பிள்ளை ரொறன்ரோ யூனிவர்சிற்றியிலயிருந்து போய் அவையின்ரை கடிதங்களைப் படிக்கிறா எண்டு சொன்னன். சனம் கை தட்டினது.

ஆனால் ஒண்டை நீ எழுதுறேல்லை. ஞாயிற்றுக்கிழமையில எங்கை போறாய்? அம்மா கேக்கச் சொன்னவ எண்டு எழுதலாம். அது பொய். நான்தான் கேக்கிறன்.

இன்னொரு விசயம். வேறை ஆரும் சொல்லிக் கேள்விப்படுறதிலும் நான் சொல்லுறது நல்லது. அன்புராசாவைச் சபையால நிப்பாட்டிப்போட்டன். நீ வெளிக்கிடேக்கை எயாப்போட் வரைக்கும் வந்து உன்ரை பெட்டியைத் தூக்கினவன்தான். நாங்கள் வாடகைக்கு எடுத்த மண்டபத்துக்குப் பின்னாலை இருக்கிற அறையிலதான் இரண்டு வருசமா இருந்தவன். துப்புரவாக்கிறது, கீபோட் வாசிக்கிறது, ஞாயிறு பள்ளியில சின்னப்பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறது எல்லாம் அவன். குறை சொல்ல ஒண்டுமில்லை.

போன மாதம் தனுஷிகா எண்ட ஏழு வயசுப் பிள்ளை வகுப்பில கேட்டிருக்கிறாள். அவளின்ரை பெரியப்பா சிவன் கோயிலுக்குப் போறவராம். ஊரில சண்டைக்கை செல் குண்டு விழுந்து செத்துப்போனார். "சேர், அவர் நரகத்திலயோ இருக்கிறார்?" எண்டு கேட்டாளாம். இவன் என்ன சொன்னவன் தெரியுமோ? "நல்லா வாழ்ந்த ஒருத்தரையும் கடவுள் கைவிடமாட்டார். ஆரைக் கும்பிட்டவர் எண்டு பார்த்து அவர் கை விரிக்கிறேல்லை" எண்டு சொல்லியிருக்கிறான். பிள்ளை வீட்டை போய்ச் சந்தோசமாச் சொல்ல, தாய் தகப்பன் என்னட்டை வந்திட்டினம். அப்பிடியெண்டால் நாங்கள் ஏன் ஞானஸ்நானம் எடுத்தனாங்கள், பாஸ்ரர், எண்டு கேட்டினம்.

அன்புராசாவைக் கூப்பிட்டு, பிள்ளையளுக்கு முன்னாலை திருத்திச் சொல்லு எண்டன். "நான் நம்பாததை எப்பிடிச் சொல்லுறது?" எண்டான். திருத்து, இல்லாட்டில் அறையை விடு எண்டு இரண்டு நாள் தவணை குடுத்தன். போயிட்டான். அஜக்ஸில ஒரு சிநேகிதனோடை இருக்கிறானாம்.

அம்மா சுகம். கதை குறைவு. குளிருக்கு நல்ல சப்பாத்து வாங்கு.

அப்பா

—

ஹாலே,
19 நவம்பர் 1994

அப்பா,

இதை ரெலிபோனில கதைச்சிருக்கலாம். ஆனால் நீங்கள் சத்தம் போடுவீங்கள், நான் வைச்சிடுவன். அதுதான் எழுதுறன்.

முதல் உங்கடை கேள்விக்கு மறுமொழி. ஞாயிற்றுக்கிழமையில நான் எங்கையும் போறேல்லை. ஆத்தங்கரையாலை நடப்பன். சில நேரம் ஒரு தேவாலயத்துக்குள்ளை போய்ப் பின்னாலை இருக்கிற வாங்கில இருப்பன், பாட்டுக் கேக்க மட்டும். இதை உங்களுக்குச் சொல்லப் பயந்துகொண்டிருந்தனான். இப்ப பயமில்லை, கோவம்தான் இருக்கு.

மற்றது, நான் தேவ ஊழியரைப் பற்றிப் படிக்க வரேல்லை. நீங்கள் அப்பிடி எல்லாருக்கும் சொன்னீங்கள். நான் மறுக்கேல்லை, அது என்ரை பிழை. இஞ்சை நான் படிக்கிறது வேறையொரு கதை. தரங்கம்பாடிக்கு ஆக்களை அனுப்பின அதே கூட்டம், அதே காலத்தில, இந்த ஊரில செய்த ஒரு காரியம்.

ஹாலே பல்கலைக்கழகத்தில ஒரு தத்துவப் பேராசிரியர் இருந்தவர். 1721ஆம் ஆண்டு ஆடி மாதம் ஆசிரியர் மாணவருக்கு முன்னாலை ஒரு பேருரை செய்தவர். சீனாவில ஆக்கள் கிறிஸ்துவைக் கேள்விப்படாமலே, தங்கடை புத்தியாலை மட்டும் நல்லொழுக்கத்தைக் கண்டுபிடிச்சிருக்கினம், அப்ப நல்லவனா வாழ மனிசனுக்குப் புத்தியே வழிகாட்டும் எண்டது அவற்றை கருத்து. அவ்வளவுதான். கடவுளை அவர் மறுக்கேல்லை. ஆனால் இஞ்சை இருந்த இறையியல் பேராசிரியர்மார் கொதிச்சுப் போச்சினம். அவை கெட்டவை இல்லை அப்பா. அனாதைப் பிள்ளையளுக்குச் சோறு போட்டவை, ஏழைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினவை, கண்ணீர் விட்டு ஜெபிச்சவை. அவைதான் ராசாவுக்கு முறைப்பாடு போட்டவை. 1723 கார்த்திகையில ராசாவின்ரை கட்டளை வந்தது. நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள்ளை நாட்டை விட்டுப் போகவேணும், இல்லாட்டில் தூக்கு.

நாற்பத்தெட்டு மணித்தியாலம். அதுவும் இரண்டு நாள்தான். உங்கடை கடிதத்தில அந்த இடத்துக்கு வரேக்கை நான் எழும்பி நிண்டிட்டன். நீங்கள் அன்புராசாவைத் தள்ளினதும் நவம்பர் குளிருக்கை.

நீங்கள் ராசா இல்லை. உங்களிட்டைத் தூக்குக் கயிறும் இல்லை. ஆனால் அவனுக்கு இருந்த ஒரே அறை உங்கடை கையில இருந்தது. அதை எடுத்தீங்கள். ஒரு பிள்ளை அழாமல் வீட்டை போனதுக்காக.

பேர்ணடெற்

—

ஸ்காபரோ,
4 டிசம்பர் 1994

மகள்,

உன்ரை கடிதத்தை மூண்டு தரம் வாசிச்சன். சப்பாத்து வாங்கினியோ இல்லையோ எண்டுகூட அதில இல்லை.

நீ படிச்சிருக்கிறாய். எனக்குச் சந்தோசம். ஆனால் சபை எண்டது பல்கலைக்கழகம் இல்லை. இஞ்சை வாற சனம் ஆரெண்டு உனக்குத் தெரியும். வீடு போனவை, பிள்ளையைப் பறிகுடுத்தவை, இரவு பகல் இரண்டு வேலை செய்து கண் சிவந்தவை. கடலுக்குள்ளை விழுந்தவனுக்குப் பலகை மாதிரி, அவைக்கு இந்த விசுவாசம் ஒண்டுதான் கையில கிடக்கு. அதில ஒரு துண்டை உடைச்சு, இதுவும் மிதக்கும் அதுவும் மிதக்கும் எண்டு சொன்னால் அவை எதைப் பிடிக்கிறது? பலகை உடையாமல் பார்க்கிறது என்ரை வேலை. நீ என்னைக் கொடுங்கோலன் ஆக்கிப்போட்டாய்.

இதை உனக்கு எழுதுறதோ வேண்டாமோ எண்டு இரண்டு நாள் யோசிச்சன். அம்மா இப்ப ஆராதனைக்கு வாறேல்லை. அன்புராசா போன அடுத்த ஞாயிறு நான் ரை கட்டிக்கொண்டு நிக்கிறன், அவ வீட்டுச் சட்டையோடை குசினியில இருக்கிறா.

"வெளிக்கிடும், நேரம் போகுது."

"நான் வரேல்லை."

"சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறன். அப்பாவை யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

"எந்த அப்பா?"

"என்ரை அப்பா. சாகும் வரைக்கும் திருநீறு பூசினவர். நான் உங்களைக் கலியாணம் கட்டிக் கிறிஸ்து வேதத்துக்கு வந்தாப் பிறகு ஒரு சொல் என்னைக் கடிஞ்சு பேசாதவர். உங்கடை சபையின்ரை கணக்கில அவர் இப்ப எங்கை இருக்கிறார்?"

முப்பது வருசமா நீர் இப்பிடிக் கேக்கேல்லையே எண்டன். "நான் கேக்கப் பயந்தனான். ஒரு சின்னப்பிள்ளை பயப்பிடாமல் கேட்டுப்போட்டுது" எண்டு சொல்லிப்போட்டு அரிசி களைஞ்சா.

தனியக் காரில போனன். அண்டைக்கு நான் எதைப் பிரசங்கம் பண்ணினனான் எண்டு எனக்கே நினைவில்லை.

அன்புராசாவின்ரை சட்டத்தரணி ரெலிபோன் எடுத்தா. மாசி மாதம் அவன்ரை அகதி விசாரணை. அவன்ரை பத்திரம் எல்லாம் வீட்டோடை எரிஞ்சது. அவன்ரை தகப்பனோடை நான் ஒரே பள்ளிக்கூடத்தில படிப்பிச்சனான், அவனைச் சின்னனிலயிருந்து தெரியும். அவன் இன்னாரெண்டு நேரில வந்து சொல்லக்கூடிய ஆள் கனடாவில நான் ஒருத்தன்தான் எண்டா. வரேலாது எண்டு சொல்லிப்போட்டன். நான் தள்ளி வைச்ச ஒருத்தனுக்கு நானே போய் நற்சாட்சி சொன்னால் சபை என்ன நினைக்கும்? நீயே யோசி.

அப்பா

—

ஹாலே,
27 டிசம்பர் 1994

அன்பான அப்பாவுக்கு,

சப்பாத்து வாங்கினன். உள்ளுக்குப் பஞ்சு வைச்சது. கால் சுகமா இருக்கு.

போன கடிதத்தில கடைசி வரி உங்களை நோகடிக்கவெண்டே எழுதினது. அந்தப் பலகைக் கதையை வாசிச்சு நான் அழுதனான். நாங்கள் கனடாவுக்கு வந்த முதல் வருசம் எங்கடை வீட்டில எத்தனை பேர் நிலத்தில படுத்தெழும்பினவை. ஆர் வந்தாலும் என்ன சமயம் எண்டு நீங்கள் கேட்டு நான் காணேல்லை. சாப்பாட்டுக் கோப்பை எடுத்து வைக்கச் சொல்லுவீங்கள். அந்த அப்பாவைத்தான் இப்பவும் எனக்குத் தெரியும். அதாலைதான் எனக்கு இவ்வளவு கோவம்.

நத்தாருக்கு அம்மாவோடை கதைச்சன். அவ உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டா. கிழமைக்கு ஒருக்கா ரெயின் எடுத்து அஜக்ஸுக்குப் போறா. சோறு கறி கட்டிக்கொண்டு. அன்புராசா இருக்கிற பேஸ்மென்ரில ஹீற்றர் சரியில்லையாம். விசாரணைக்கு நீங்கள் வராட்டில் தான் போறாவாம். "எனக்கு அவன்ரை தகப்பனைத் தெரியாது, ஆனால் பக்கத்தில இருக்கலாம்தானே" எண்டா. அம்மாவுக்கு அங்கை கதைக்க இங்கிலிஷ் காணாது. அவவுக்கும் அது தெரியும்.

நான் பிறந்தபோது அம்மப்பா ஆஸ்பத்திரிக்கு வந்த கதையையும் சொன்னா. என்னைத் தூக்கி வைச்சிருந்தாராம். ஞானஸ்நானம் குடுக்க சுவாமியார் உள்ளுக்கு வர, என்னை அம்மாவின்ரை மடியில வைச்சிட்டு, ஒரு சொல்லும் இல்லாமல் விறாந்தைக்குப் போய் நிண்டாராம். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் திரும்பி வந்தாராம். எனக்கு அவரின்ரை முகம் தெரியாது. ஆனால் அந்த விறாந்தை இப்ப என்ரை கண்ணுக்கை நிக்குது.

அப்பா, தரங்கம்பாடிக்கு முதல் போன அந்த ஊழியர் எங்கடை ஆக்களோடை இருந்து பழகி, தமிழ் படிச்சு, அவையின்ரை கடவுளரைப் பற்றியும் நீதிநெறியைப் பற்றியும் எழுதி ஹாலேக்கு அனுப்பினவர். எங்கடை ஆக்களின்ரை ஒழுக்கத்தை மெச்சியும் எழுதினவர். இஞ்சையிருந்து அவரை அனுப்பின பெரியவர், "உங்களை அனுப்பினது அந்தச் சமயத்தை வேரோடை பிடுங்க, ஐரோப்பாவில பரப்ப இல்லை" எண்டு அதை அச்சடிக்க விடேல்லை. நூற்றைம்பது வருசத்துக்கு மேலை அது தூசிக்கை கிடந்தது. அனுப்பினவருக்குத் தெரியாதது, போய் அந்தச் சனத்தோடை இருந்தவருக்குத் தெரிஞ்சிருக்கு.

இன்னொண்டு. அந்தப் பேராசிரியரைத் துரத்தப் பாடுபட்டவையில ஒருத்தர், அவரை வேலையால நிப்பாட்டுவினம் எண்டுதான் நினைச்சவராம். தூக்குக் கட்டளை எண்டு கேள்விப்பட்ட பிறகு இவருக்கு நித்திரையும் இல்லை சாப்பாடும் இல்லை எண்டு ஒரு கதை இருக்கு. அதைச் சொன்னது துரத்தப்பட்டவர். அதாலை முழுக்க நம்பலாமோ தெரியாது. எனக்கு நம்ப விருப்பம்.

அன்புராசா சொன்னது சரியெண்டு நீங்கள் சொல்லவேண்டாம். சபைக்குத் திருப்பி எடுக்கவும் வேண்டாம். அவன் ஆர் எண்டு மட்டும் போய்ச் சொல்லுங்கோ. அது உண்மை. உண்மையைச் சொல்லுறதுக்கு ஆரின்ரை அனுமதி வேணும்?

நீங்கள் நித்திரை கொள்ளுறீங்களோ அப்பா?

பேர்ணடெற்

—

ஸ்காபரோ,
15 ஜனவரி 1995

மகள்,

கேட்டாய். இல்லை.

இனி எனக்கு ஜேர்மன் கதை எழுதவேண்டாம்.

அம்மா அஜக்ஸுக்குப் போறது எனக்கு முதலே தெரியும். சாப்பாட்டுக் கரியர் ஒண்டு குறையேக்கை தெரியாதோ. ஸ்ரேசன் வாசலில பனி வழுக்கும் எண்டு போன கிழமை நான்தான் காரில கொண்டுபோய் விட்டனான். இறங்கேக்கை "மூண்டரைக்கு வாங்கோ" எண்டா. போனன்.

அப்பா

—

ஹாலே,
3 பெப்ரவரி 1995

அப்பா,

கதை வேண்டாம் எண்டீங்கள். இது கதையின்ரை முடிவு மட்டும். அதைச் சொல்லாமல் விட்டால் நான் அரைவாசி சொன்ன மாதிரி.

பதினேழு வருசம் கழிச்சு ராசா செத்து, மகன் பட்டத்துக்கு வந்த உடனை பேராசிரியரைத் திருப்பிக் கூப்பிட்டான். அவர் வந்தார். ஊர் திரண்டு வரவேற்றது. ஆனால் அவருக்கு வயசு போட்டுது. பெடியள் வேறை புதுப் புத்தகங்களுக்குப் போட்டினம், அவற்றை வகுப்பில கூட்டம் குறைஞ்சது. அந்தப் பக்திக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினவர் எப்பவோ செத்துப்போனார். அவை இரண்டு பேரும் ஒரு மேசையில இருந்து கதைக்கிறதுக்குப் பிறகு சந்தர்ப்பமே வரேல்லை.

விசாரணை 21ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலமை. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

காரில கொண்டுபோய் விட்டதுக்கு நன்றி.

பேர்ணடெற்

—

ஸ்காபரோ,
5 மார்ச் 1995

என்ரை பிள்ளைக்கு,

போனனான். அம்மா சொல்லியிருப்பா. ஆனால் உள்ளுக்கை நடந்தது அவவுக்கு முழுக்க விளங்கேல்லை, அதாலை நான் எழுதுறன்.

கிழமை நாளில நான் செய்யிற எயாப்போட் வேலைக்கு லீவு சொல்லிப்போட்டு, அம்மாவும் நானும் சப்வேயில போனம். என்னைக் கண்டவுடனை அன்புராசா எழும்பி நிண்டான். மெலிஞ்சுபோனான். சட்டத்தரணிக்கு நான் வருவன் எண்டு முதல் நாள்தான் சொன்னனான். வாறதெண்டு முடிவெடுத்தது எப்பவெண்டு கேக்காதை. எனக்கே தெரியாது.

வேதாகமத்தில கை வைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லிச்சினம். எத்தினை பேருக்கு அந்தப் புத்தகத்தை நான் நீட்டியிருக்கிறன். எனக்கு ஒருத்தர் நீட்டினது அதுதான் முதல் தரம். அவன்ரை தகப்பன், பள்ளிக்கூடம், வீடு இருந்த ஒழுங்கை, தமையனைச் சுட்டது எல்லாம் சொன்னன். அந்த மட்டும் லேசாப் போச்சு. பிறகு விசாரிக்கிற இரண்டு பேரில ஒருத்தி, வயசான வெள்ளைக்கார மனிசி, கடதாசியைப் பார்த்திட்டுக் கேட்டா.

"இவர் உங்கடை சபையில இரண்டு வருசம் இருந்திருக்கிறார். இப்ப ஏன் இல்லை?"

சட்டத்தரணியின்ரை முகம் வெளிறிப்போச்சு. என்ரை கையோ இன்னும் வேதப்புத்தகத்துக்குக் கிட்டத்தான் கிடக்கு.

"நான் வெளியேத்தினனான்" எண்டன்.

"ஏன்? களவெடுத்தாரோ?"

"இல்லை."

"பொய் சொன்னாரோ?"

"இல்லை. ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்குத் தனக்கு உண்மையெண்டு பட்டதைச் சொன்னவர். அது எங்கடை போதனைக்கு மாறு. மாத்திச் சொல்லு எண்டு கேட்டன். மாத்தமாட்டன் எண்டார்."

"மாத்தியிருந்தால்?"

"மாத்தியிருந்தால் இப்பவும் அந்த அறையில இருந்திருப்பார்."

அந்த மனிசி கொஞ்ச நேரம் எழுதினா. பிறகு தலையை நிமித்தி, "அப்ப இருக்கிற இடம் போகும் எண்டு தெரிஞ்சும் இவர் பொய் சொல்லேல்லை எண்டு, சத்தியத்தின்ரை பேரில, அவரை வெளியேத்தின நீங்களே சொல்லுறீங்கள்?" எண்டு கேட்டா.

ஓம் எண்டன். அன்புராசா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. ஏற்றுக்கொண்டிட்டினம்.

அண்டைக்கு விசாரணை முடிஞ்சு வெளியில வரேக்கை, "அறை சும்மாதான் கிடக்கு, திரும்பி வா தம்பி" எண்டு அவனிட்டைச் சொன்னன். அவன் என்ரை கையைப் பிடிச்சான். "பாஸ்ரர், நீங்கள் வந்தது எனக்குச் சாகும் வரைக்கும் மறவாது. ஆனால் திரும்பி வந்தால் ஞாயிறு பள்ளியில அதே பிள்ளை அதே கேள்வியைக் கேப்பாள். நானும் அதே மறுமொழிதான் சொல்லுவன். அதுக்கு உங்கடை சபையில இடமிருக்கோ?" எண்டான். கோவமாக் கேக்கேல்லை. உண்மையா அறியத்தான் கேட்டான். இருக்கெண்டு சொல்ல என்னாலை ஏலேல்லை. ஒஷாவாவில கார்ச் சாமான் செய்யிற ஃபக்ரறி ஒண்டில வேலை கிடைக்கும்போலை இருக்காம். அம்மா அவன்ரை தலையைத் தடவிவிட்டா. ரெயினுக்குப் போட்டான்.

வீட்டை வரேக்கை அம்மா என்ரை பக்கத்தில இருந்தா. இறங்கிறதுக்குக் கிட்டவாத்தான், "உங்களுக்குக் குளிருதோ?" எண்டு கேட்டுத் தன்ரை சால்வையை என்ரை கழுத்தில சுத்திவிட்டா.

நான் போய்ச் சாட்சி சொன்ன செய்தி சபைக்குப் பரவிப்போச்சு. போன ஞாயிறு நானே எழும்பி, நடந்ததை ஒண்டும் ஒளிக்காமல் சொன்னன். கொஞ்சக் குடும்பங்கள் பாட்டு முடிய முன்னமே எழும்பிப் போச்சினம். மிசிசாகாவில இன்னொரு சபை இருக்கு, அங்கை போகினமாம். தனுஷிகாவின்ரை தாய் தகப்பனும் போட்டினம். இண்டைக்கு வாங்கு கனக்க வெறுமையாக் கிடந்தது. மண்டப வாடகைக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. அம்மா வந்தவ. முன்னுக்கு இருக்கேல்லை, கதவடியில இருந்தா. பாடேல்லை. ஆனால் வந்தவ.

நான் மாறிப்போனன் எண்டு நினைக்காதை. கிறிஸ்துதான் வழி எண்டு இண்டைக்கும் பிரசங்கம் பண்ணினனான், நாளைக்கும் பண்ணுவன். ஆனால் வேறை வழியால போனவை எங்கை போய்ச் சேருகினம் எண்டு எனக்குத் தெரியும் எண்டு முந்திச் சொன்னனானே, அதை இனி என்னாலை சொல்ல ஏலாது. உன்ரை அம்மப்பா விறாந்தையில நிண்டதை எழுதியிருந்தாய். அண்டைக்கு அவர் என்னைக் கடந்துதான் வெளியில போனவர். போகேக்கை எனக்கு வழி விட்டு ஒதுங்கினவர்.

உன்னட்டை ஒண்டு கேக்கிறன். நீ எழுதிற ஆய்வுப் புத்தகத்தில அந்தப் பேராசிரியருக்கு நடந்த அநியாயத்தை மறைக்காமல் எழுது. ஆனால் அவரைத் துரத்தினவையையும் வடிவா எழுது. அவை அனாதைப் பிள்ளையளுக்குச் சோறு போட்டதையும் எழுது. பயந்துபோன மனிசர் எண்டும் எழுது. எதையோ காப்பாத்திறம் எண்டு நினைச்சுத்தான் அவை அதைச் செய்திருப்பினம். நித்திரை இல்லாமல் கிடந்தவரின்ரை கதை உண்மையா இருக்கும். நீ அதை நம்பலாம்.

நாளைக்குப் பின்னேரம் தனுஷிகா வீட்டை போறன். தாய் தகப்பன் உள்ளுக்கு விடுவினமோ தெரியாது. சபைக்குத் திரும்பி வாங்கோ எண்டு கேக்கப் போகேல்லை. அந்தப் பிள்ளையின்ரை கேள்விக்கு நான் இன்னும் மறுமொழி சொல்லேல்லை. அன்புராசா சொன்ன மறுமொழியை நான் சொல்லமாட்டன். முந்தி நான் சொல்லச் சொன்னதையும் சொல்லமாட்டன். எனக்குத் தெரியாது பிள்ளை எண்டு சொல்லி, அவளுக்குப் பக்கத்தில இருந்து, உன்ரை பெரியப்பா எப்பிடிப்பட்ட ஆள், எனக்குச் சொல்லு எண்டு கேக்கப்போறன்.

அப்பா